குளிசையை நிறுத்திவிட்டு மூலிகைத் தேநீர் குடிக்கும் அம்மா

வாசகியின் கடிதம், சுருக்கமாக

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில் வசிக்கும் 39 வயதுப் பெண் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தை, அவரை இனங்காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, இங்கே சுருக்கித் தருகிறேன். அவருடைய தாயாருக்கு 66 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மகளின் குடும்பத்தோடு வாழ்கிறார். ஒன்றரை ஆண்டுக்கு முன்னர் அவருக்கு ஹோர்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சத்திரசிகிச்சையும் கதிர்ச்சிகிச்சையும் முடிந்த பின்னர், லெட்ரசோல் என்ற குளிசையை நாளுக்கு ஒன்றாக 5 ஆண்டுகளுக்கு எடுக்கும்படி சொல்லப்பட்டது. நீரிழிவுக்கு மெட்போமினும், குருதி அழுத்தத்துக்குச் சிறுநீரைக் கூட்டும் குளிசை ஒன்றும் எடுத்து வருகிறார். சிறுநீரகத்தின் வேலைத்திறன் சற்றுக் குறைந்திருப்பதாகக் குடும்ப வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

லெட்ரசோல் தொடங்கிய சில மாதங்களில் கைவிரல்களிலும் முழங்கால்களிலும் நோவும் விறைப்பும் கூடின. கோயிலில் பழக்கமான மாமி ஒருவர், "இது கனடாப் பூர்வகுடிகளின் இரகசிய மருந்து, நூறு வருடமாகப் புற்றுநோயை மாற்றி வருகிறது" என்று சொல்லி ஒரு மூலிகைத் தேநீரைக் கொடுத்தார். அம்மா அதைக் காலையும் இரவும் குடிக்கத் தொடங்கி, லெட்ரசோலை ஒருவரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். இது மூன்று மாதங்களுக்குப் பிறகே மகளுக்குத் தெரிய வந்தது. மூட்டுநோவு குறைந்துவிட்டதால், தேநீர் வேலை செய்கிறது என்று அம்மா உறுதியாக நம்புகிறார். மாமியும் இதே நோய்க்குச் சத்திரசிகிச்சையும் கீமோதெரபியும் பெற்று, ஒன்பது ஆண்டுகளாகச் சுகமாக இருக்கிறார்.

இது உண்மையிலேயே பூர்வகுடிகளின் மருந்துதானா, இதனால் நன்மை உண்டா, இதையும் குளிசையையும் சேர்த்து எடுக்கலாமா என்று மகள் கேட்கிறார். போத்தலில் அரசாங்கம் கொடுத்த எட்டு இலக்க எண் இருப்பதால் இதை நம்பலாமா என்றும், புற்றுநோய் வைத்தியரிடம் சொன்னால் அவர் கோபித்துச் சிகிச்சையை மறுப்பாரா என்றும் கேட்டிருக்கிறார். அம்மாவுக்குத் தெரியாமல் தேநீரைக் கொட்டிவிட்டு, லெட்ரசோலைப் பொடித்துச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் முதலில் கேட்டிருப்பது தேநீரைப் பற்றி. ஆனால் உங்கள் அம்மாவின் நலனுக்கு முதலில் தேவைப்படுவது லெட்ரசோலைப் பற்றிய பதில் என்பதால், அதிலிருந்து தொடங்குகிறேன். மாதவிடாய் நின்ற பெண்களிலும் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் முற்றாக நின்றுவிடுவதில்லை. கொழுப்பிலும் தசையிலும் உள்ள ஒரு நொதியின் உதவியால் அது சிறிதளவு உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஹோர்மோன் சார்ந்த புற்றுநோய்க்கு அந்தச் சிறிதளவே உணவாகப் போதும். லெட்ரசோல் அந்த நொதியைத் தடுக்கிறது. சத்திரசிகிச்சை கண்ணுக்குத் தெரிந்த கட்டியை அகற்றுகிறது. எங்கேனும் ஒளிந்திருக்கக்கூடிய சில உயிரணுக்களைப் பட்டினி போடும் வேலையை இந்தக் குளிசை செய்கிறது. இதே நோக்கத்துக்காக நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் டமொக்சிபென் குளிசையை 5 ஆண்டுகள் எடுத்தவர்களில், 15 ஆண்டு காலத்தில் மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்பது பல்லாயிரம் பெண்களைத் தொடர்ந்து கவனித்துப் பெற்ற முடிவு. மாதவிடாய் நின்ற பெண்களில் லெட்ரசோல் வகைக் குளிசைகள் அதைவிடவும் சற்று மேலானவை. உங்கள் அம்மா பெறும் சிகிச்சையில் இன்று மிகுந்த பயன் தரக்கூடியது இந்தச் சிறிய குளிசைதான்.

ஆகவே இந்தக் கிழமையே புற்றுநோய்ப் பிரிவின் தாதியைத் தொலைபேசியில் அழைத்து, குளிசை மூன்று மாதங்களாக நின்றிருப்பதைத் தெரிவிக்கும்படி அம்மாவை இணங்கச் செய்யுங்கள். அடுத்த முறை வரச் சொன்ன நாள் வரை காத்திருக்க வேண்டாம். மூன்று மாத இடைவெளியால் எல்லாம் பாழாகிவிட்டது என்று நீங்கள் அஞ்சத் தேவையில்லை. இடையில் நிறுத்தியவர்கள் மீண்டும் தொடங்கிப் பயன் பெறுவது வழக்கமான ஒன்று. இடைவெளி நீளாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

நோவு குறைந்ததற்கான காரணம்

அம்மாவின் நம்பிக்கைக்கு அடிப்படையாக இருப்பது அவருடைய சொந்த அனுபவம் என்பதால், அதை மதித்தே விளக்க வேண்டும். நோவு குறைந்தது உண்மை. ஆனால் அந்த நோவே லெட்ரசோலால் வந்தது. இந்த வகைக் குளிசை எடுக்கும் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மூட்டுகளில் நோவும் காலை நேர விறைப்பும் ஏற்படுகின்றன. குளிசையை நிறுத்தினால் சில கிழமைகளில் அது தணிந்துவிடும். அம்மா தேநீரைத் தொடங்கியதும் குளிசையை நிறுத்தியதும் ஒரே காலத்தில் நடந்ததால், நன்மைக்கான பெயர் தேநீருக்குப் போய்விட்டது. நோவு தணிந்திருக்கிறது என்பது, குளிசை தடுத்துவைத்திருந்த ஈஸ்ட்ரஜன் மீண்டும் உருவாகத் தொடங்கியிருக்கிறது என்பதற்கான அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதை அவருக்கு நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

மூட்டுநோவைப் பொறுத்துக்கொண்டே ஐந்து ஆண்டுகளைக் கழிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதைத்தான் அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியதும் அதுதான். இந்த நோவுக்கு மருத்துவத்தில் பல வழிகள் உள்ளன. லெட்ரசோலுக்குப் பதிலாக அதே வகையைச் சேர்ந்த வேறொரு குளிசைக்கு மாறலாம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றொன்று ஒத்துக்கொள்வதுண்டு. அதுவும் இயலாவிட்டால் டமொக்சிபெனுக்கு மாறலாம். உடற்பயிற்சியின் பயன் ஆய்வில் உறுதிப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் இந்த வகைக் குளிசையால் நோவுற்ற 121 பெண்களிடம் நடத்திய ஓராண்டு ஆய்வில், கிழமைக்கு 150 நிமிட நடை போன்ற பயிற்சியும் இரண்டு முறை தசைப்பயிற்சியும் செய்தவர்களின் கடும் நோவு 29 சதவீதம் குறைந்தது. அக்குபங்சர் சிகிச்சையால் ஓரளவு பயன் கிடைப்பதாக 2018இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. டுலொக்செற்றின் என்ற மருந்தும் சிலருக்கு உதவுகிறது; ஆனால் உங்கள் அம்மாவின் சிறுநீரக நிலையையும் குருதி அழுத்தத்தையும் பார்த்தே அதைக் கொடுப்பதா என்று வைத்தியர் முடிவெடுப்பார்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நோவுக்காக மருந்துக்கடையில் ஐபுபுரோபென் போன்ற குளிசைகளை வாங்கி அம்மா தானாக எடுக்கக் கூடாது. சிறுநீரைக் கூட்டும் குளிசையோடு அது சேரும்போது, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் சிறுநீரகம் மேலும் பாதிக்கப்படும்.

இந்தத் தேநீர் எங்கிருந்து வந்தது

போத்தலில் எழுதியிருப்பதாக நீங்கள் குறிப்பிட்ட நான்கு மூலிகைகள், பர்டொக் என்ற செடியின் வேர், ஷீப் சோறல் என்ற புளிப்புக் கீரை, ஸ்லிப்பரி எல்ம் மரத்தின் உட்பட்டை, ருபார்ப் வேர் ஆகியவை. இந்தச் சேர்க்கை கனடாவில் எஸியாக் என்ற பெயரால் அறியப்படுகிறது. இதைப் பரப்பியவர் ரெனே கெய்ஸ் என்ற தாதி. 1888இல் ஒன்ராறியோவின் பிரேஸ்பிரிட்ஜ் ஊரில் பிறந்து, 1978இல் காலமானவர். தமது குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக வைத்தே (Caisse – Essiac) அவர் மருந்துக்கு இந்தப் பெயரைச் சூட்டினார்.

வட ஒன்ராறியோவின் ஹெய்லிபரி ஊரில் வைத்தியசாலைப் பணியில் இருந்தபோது, 1922இல் வயது முதிர்ந்த ஒரு பெண்ணின் மார்பில் தழும்பைக் கண்டு தாம் விசாரித்ததாகக் கெய்ஸ் சொல்லியிருக்கிறார். சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், சுரங்கத் தொழில் நடந்த இடத்தில் கணவரோடு வாழ்ந்தபோது மார்பில் புற்றுநோய் வந்ததாகவும், பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான ஒஜிப்வே இனத்து மருத்துவர் ஒருவர் கொடுத்த மூலிகைக் கஷாயம் அதைக் குணமாக்கியதாகவும் அந்தப் பெண் கூறினாராம். கெய்ஸ் அந்தச் செய்முறையை எழுதி வைத்துக்கொண்டு, சில ஆண்டுகளின் பின்னர் நோயாளர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். 1930களின் நடுப்பகுதியிலிருந்து 1942 வரை பிரேஸ்பிரிட்ஜில் அவர் நடத்திய சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்க அவருக்கு அனுமதி வழங்கும் சட்டமூலம் 1938இல் ஒன்ராறியோ சட்டமன்றத்துக்கு வந்து, மூன்றே வாக்குகளால் தோற்றது. அவர் பணத்துக்காக இதைச் செய்தார் என்று நான் எண்ணவில்லை. அன்றைய காலத்தில் கத்தியும் கதிரும் தவிர வேறு வழியில்லாமல் துன்பப்பட்டவர்களுக்கு உதவ விரும்பிய ஒரு தாதியாகவே அவரைப் பார்க்கிறேன்.

ஆனால் "பூர்வகுடிகளின் மருந்து" என்று சொல்வதற்கு இந்த வரலாறு தரும் ஆதாரம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். மருத்துவரின் பெயர் பதிவாகவில்லை. நோயாளிக்கு அன்று வந்தது புற்றுநோய்தான் என்பதற்கும் சோதனைச் சான்று இல்லை. நான்கு மூலிகைகளில் ஸ்லிப்பரி எல்ம் ஒன்றுதான் வட அமெரிக்காவின் சொந்த மரம். தொண்டைப் புண்ணுக்கும் வயிற்றெரிச்சலுக்கும் அதன் உட்பட்டையைப் பூர்வகுடிகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பர்டொக்கும் ஷீப் சோறலும் ஐரோப்பியரோடு கடல் கடந்து வந்து இங்கே பரவிய செடிகள். ருபார்ப் ஆசியாவுக்குரியது, சீனாவிலிருந்து வணிகப் பாதைகள் வழியாக மேற்கே சென்ற வேர் அது. எங்கள் நாட்டு மருந்துக்கடைகளில் பேதிக்காக விற்கப்படும் நாட்டு இரேவல்சின்னியும் இதே இனத்தைச் சேர்ந்தது. புதிதாக வந்த செடிகளையும் பூர்வகுடிகள் கற்றுத் தமதாக்கிக்கொண்டதுண்டு என்பதால், அந்தக் கதை முழுவதும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கெய்ஸ் தாமே செய்முறையை மாற்றியமைத்தார், ஒரு பகுதியை ஊசியாகவும் போட்டார். பின்னாளில் மேலும் நான்கு மூலிகைகள் சேர்ந்த எட்டு மூலிகைக் கலவையும் சந்தைக்கு வந்தது. இன்று கடையில் கிடைக்கும் போத்தலுக்கும், 1890களில் யாரோ ஒரு ஒஜிப்வே மருத்துவர் காய்ச்சிய கஷாயத்துக்கும் இடையே நம்பத்தக்க தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை.

இதைச் சொல்லும்போது, பூர்வகுடிகளின் அறிவை நான் குறைத்து மதிப்பிடுவதாக அம்மா எண்ணிவிடக் கூடாது. 1535-36 குளிர்காலத்தில், இன்றைய கியூபெக் நகரம் இருக்கும் ஸ்ரடகோனாவில், ஜாக் கார்த்தியே என்ற பிரெஞ்சு மாலுமியின் ஆட்கள் 110 பேரில் 25 பேர் ஸ்கேவி நோயால் மாண்டுபோனார்கள். உயிர்ச்சத்து சி குறைவதால் ஈறு அழுகி உடல் நலிந்து சாகும் நோய் அது. அந்த மண்ணின் மக்கள் ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் காய்ச்சிக் குடிக்கக் காட்டிக்கொடுத்த பின்னரே மற்றவர்கள் பிழைத்தார்கள். அந்த மரம் வெண்சீடார் என்று பலர் கருதுகிறார்கள். உயிர்ச்சத்து சி என்ன என்பதை ஐரோப்பிய மருத்துவம் அறிவதற்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது இது. ஒஜிப்வேக்களை உள்ளடக்கிய அனிஷினாபே மக்களிடம் சீடார், புகையிலை, சேஜ், நறும்புல் ஆகிய நான்கும் புனித மருந்துகள். சீடார் தேநீர் இன்றும் அவர்களிடம் வழக்கில் உள்ளது. மருந்து கேட்டுப் போகிறவர் முதியவருக்குப் புகையிலையை வைத்துக் கேட்பதும், அவர் நோயாளியின் நிலை அறிந்து கொடுப்பதும் அவர்களுடைய முறை. அந்த உறவிலிருந்து பெயரை மட்டும் பிரித்தெடுத்து ஒரு போத்தலில் ஒட்டி, சாகும் பயத்தில் இருப்பவர்களிடம் விற்பதை அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதையாக என்னால் கருத முடியவில்லை. (சீடார் தேநீரையும் வீட்டில் காய்ச்சிப் பார்க்க வேண்டாம். அதில் உள்ள துஜோன் என்ற பொருள் அளவு மீறினால் வலிப்பை உண்டாக்கக்கூடியது.)

நன்மை உண்டா

மூலிகைகளைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டால் சிறு நன்மைகள் உண்டு. எல்ம் பட்டையின் வழுவழுப்பு தொண்டைக்கும் குடலுக்கும் இதமானது. ருபார்ப் வேர் மலச்சிக்கலை நீக்கும். பர்டொக் வேர் ஜப்பானில் அன்றாடக் கறி. புற்றுநோயைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 1970களில் நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெற்றரிங் புற்றுநோய் நிலையத்தில் எலிகளில் சோதித்தபோது கட்டிகளுக்கு எதிரான பயன் எதுவும் காணப்படவில்லை. 1982இல் கனடியச் சுகாதாரத் திணைக்களம், எஸியாக் எடுத்த 86 நோயாளர்களின் விவரங்களை அவர்களுடைய வைத்தியர்களிடமிருந்து பெற்று ஆராய்ந்தது. 47 பேருக்கு எந்தப் பயனும் இல்லை. 17 பேர் இறந்துவிட்டார்கள். நோய் குறைந்த அல்லது நிலைத்து நின்ற 8 பேரின் விவரங்களை மேலும் தோண்டிப் பார்த்தபோது, சிலருக்கு நோய் பின்னர் முற்றியிருந்தது, நிலைத்து நின்றவர்களின் நலம் அவர்கள் பெற்ற வேறு சிகிச்சைகளாலும் வந்திருக்கக்கூடியது என்று தெரிந்தது.

உங்கள் அம்மாவுக்கு மிக நெருக்கமான ஆய்வு ஒன்று ஒன்ராறியோவிலேயே நடந்திருக்கிறது. 2003இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட 510 பெண்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட அந்த ஆய்வில், எஸியாக் குடித்தவர்களின் வாழ்க்கைத் தரமோ மனநிலையோ குடிக்காதவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை. நேர்மைக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் குடித்த அளவு குறைவு, பக்க விளைவுகளும் அரிதாகவே இருந்தன. குறைந்த அளவில் குடித்தால் பெரும்பாலானோருக்கு இது உடனடி ஆபத்தை விளைவிப்பதில்லை.

ஆய்வுகூடத்தில் கிண்ணங்களில் வளர்த்த உயிரணுக்களிடம் கிடைத்த முடிவுகள் இருவகையானவை. சில வகைப் புற்றுநோய் உயிரணுக்களின் வளர்ச்சியை இந்தச் சாறு குறைத்ததாகக் காட்டிய ஆய்வுகள் உண்டு. விற்பவர்கள் அவற்றை மட்டுமே எடுத்துக்காட்டுவார்கள். 2006இல் வெளியான மற்றோர் ஆய்வில், எஸியாக்கும் எட்டு மூலிகைக் கலவையும் மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களின் வளர்ச்சியைத் தூண்டின, அதில் ஈஸ்ட்ரஜன் வழியான தூண்டுதலும் இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், எட்டு மூலிகைக் கலவை கொடுக்கப்பட்ட எலிகளில் மார்பகக் கட்டிகள் கூடுதலாகத் தோன்றியதாகவும் ஓர் ஆய்வு காட்டியது. கிண்ணத்தில் நடப்பது மனித உடலில் அப்படியே நடக்கும் என்று கொள்ள முடியாது. இருந்தாலும், ஈஸ்ட்ரஜனை ஒடுக்குவதற்காகக் குளிசை எடுக்கும் ஒருவர், ஈஸ்ட்ரஜன் போலச் செயற்படக்கூடும் என்ற ஐயத்துக்கு உள்ளான ஒன்றை நாளுக்கு இரண்டு முறை குடிப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

வைத்தியர்கள் மூலிகை என்றாலே வெறுப்பவர்கள் என்று அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு நித்தியகல்யாணியின் கதையைச் சொல்லுங்கள். ஊரில் பட்டிப்பூ என்று அவர் அறிந்திருப்பார். ஜமெய்க்காவில் நீரிழிவுக்காக அதன் இலையில் தேநீர் போட்டுக் குடிக்கும் வழக்கம் இருந்தது. 1950களில் அந்த இலைகள் தபாலில் ஒன்ராறியோவுக்கு வந்து, அந்த மாகாணத்தின் இலண்டன் நகரிலுள்ள மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் றொபேட் நோபிள் என்பவரின் கைக்குக் கிடைத்தன. நீரிழிவுக்கு அவற்றால் பயன் தெரியவில்லை. ஆனால் எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைவதை அவர் கண்டார். சார்ள்ஸ் பியர் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து, 1958இல் வின்பிளாஸ்ரின் என்ற மருந்தை அவர் பிரித்தெடுத்தார். இன்றும் புற்றுநோய்க்கு அது நாளத்தினூடாக ஏற்றப்படுகிறது. பட்டிப்பூவைக் காய்ச்சிக் குடிப்பவருக்குப் புற்றுநோய் மாறாது, நஞ்சாகும் ஆபத்துத்தான் உண்டு. எந்தப் பொருள், எந்த அளவு, எந்த நோய் என்பதைச் சோதித்து அறிந்ததால்தான் அந்த இலை மருந்தாயிற்று. எஸியாக்கையும் அதே வகையில் சோதித்தார்கள். அதில் எதுவும் கிடைக்கவில்லை.

உங்கள் அம்மாவின் உடலுக்கு இது ஏன் பொருந்தாது

பொதுவாகச் சிறிய ஆபத்து என்று சொன்னேன்; ஆனால் உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை மூன்று செய்திகள் கவலை தருகின்றன. முதலாவது சிறுநீரகம். ஷீப் சோறலின் புளிப்பு, எங்கள் புளியாரையில் உள்ளதைப் போலவே, ஒட்சாலிக் அமிலத்தால் வருவது. ருபார்ப்பிலும் அது உண்டு. தளர்ந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாதபோது அது படிகமாகப் படிந்து மேலும் சேதம் விளைவிக்கும். இரண்டாவது வயிற்றோட்டம். ருபார்ப் வேர் பேதியை உண்டாக்கும். சிறுநீரைக் கூட்டும் குளிசையோடு அது சேரும்போது உடலில் நீரும் பொட்டாசியமும் குறைந்து, தலைச்சுற்றும் நெஞ்சுப் படபடப்பும் வரலாம். சிறுநீரகத்தின் திறன் திடீரென இறங்கினால் மெட்போமினின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். மூன்றாவது, எல்ம் பட்டையின் வழுவழுப்பு மற்றக் குளிசைகள் குடலில் உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தக்கூடும்.

ஆகவே, இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. லெட்ரசோலை மீண்டும் தொடங்கி, தேநீரை நிறுத்தி, சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்குமான இரத்தப் பரிசோதனையை இந்தக் கிழமையே செய்யச் சொல்லிக் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். அதற்கிடையில் கடும் வயிற்றோட்டமோ, சிறுநீர் குறைவதோ, மயக்கமோ ஏற்பட்டால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், போத்தலையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

எட்டு இலக்க எண்ணும் சட்டமும்

கனடாவில் 2004 முதல் நடைமுறையில் உள்ள இயற்கைச் சுகாதாரப் பொருள்களுக்கான ஒழுங்குவிதிகளின்படி, இத்தகைய பொருள்கள் உரிமம் பெற்று ஓர் எண்ணைத் தாங்கியிருக்க வேண்டும். எண் இருப்பது நல்லது. எண் இல்லாத பொருளை வாங்கவே கூடாது. ஆனால் அது லேபிளில் எழுதிய குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதி. அந்தப் பயன்பாடு பெரும்பாலும் பாரம்பரிய வழக்கத்தை ஆதாரமாகக் கொண்டு ஏற்கப்படுகிறது. லேபிளில் புற்றுநோய் என்ற சொல் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள், இருக்காது. புற்றுநோய்க்குச் சிகிச்சை என்றோ அதைக் குணமாக்கும் என்றோ பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை உணவு மற்றும் மருந்துச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தடை செய்கிறது. மாமிக்கு விற்றவர் அப்படி எழுத்தில் விளம்பரம் செய்திருந்தால் அதைக் கனடியச் சுகாதாரத் திணைக்களத்துக்கு முறையிடலாம். பக்க விளைவு ஏற்பட்டால் அதையும் அங்கே அறிவிக்கலாம்.

புற்றுநோய் வைத்தியர் கோபித்துச் சிகிச்சையை மறுப்பார் என்ற அச்சத்தை விட்டுவிடுங்கள். மூலிகை எடுப்பதை நோயாளர்கள் சொல்வது வைத்தியர்களாகிய எங்களுக்குப் புதிதல்ல. சொல்லாமல் விடுவதுதான் எங்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுசெல்கிறது. குளிசை எடுக்கிறார் என்ற எண்ணத்தில் வைத்தியர் அடுத்த பரிசோதனையின் முடிவைப் படித்தால், அந்த முடிவுக்கு அவர் கொள்ளும் பொருளே பிழையாகிவிடும். அம்மாவுக்கு ஆங்கிலம் தயக்கம் தந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். எல்லாவற்றையும் நீங்களே மொழிபெயர்த்தால், மகளுக்கு முன்னால் சொல்ல விரும்பாததை அவர் மறைத்துவிடக்கூடும்.

அம்மாவிடம் பேசுவது

தேநீரைக் கொட்டுவதும், குளிசையைப் பொடித்துச் சோற்றில் கலப்பதும் கூடவே கூடாது. உங்கள் அன்பை நான் ஐயப்படவில்லை. ஆனால் ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டுச் சுகாதாரப் பராமரிப்புச் சம்மதச் சட்டம், விளங்கி முடிவெடுக்கும் ஆற்றலுள்ள எவருக்கும் சிகிச்சையை ஏற்கவும் மறுக்கவும் உரிமை தருகிறது. உங்கள் அம்மா தெளிந்த அறிவோடு இருப்பவர். வைத்தியரும் அம்மாவின் இசைவு இல்லாமல் அவருடைய விவரங்களை உங்களிடம் சொல்ல முடியாது. நீங்கள் அறிந்ததை வைத்தியரிடம் சொல்வதற்குத் தடையில்லை என்றாலும், அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செய்வதே நல்லது. மறைத்துக் கொடுப்பது ஒரு நாள் தெரியவரும்போது, உங்கள் கையால் தரும் சாப்பாட்டையே அவர் சந்தேகிப்பார்.

அவர் ஏன் இதைத் தேடிப் போனார் என்பதைக் கேட்டு அறியுங்கள். நோவைச் சொல்லி யாரும் காது கொடுக்காததாலா, மீண்டும் வந்துவிடுமோ என்ற பயத்தாலா, தன் உடலுக்காகத் தானே ஏதாவது செய்ய வேண்டும் என்ற விருப்பத்தாலா? காலையும் இரவும் தன் கையால் ஒன்றைக் காய்ச்சிக் குடிப்பது அவருக்கு ஆறுதலாக இருந்தால், அந்த வழக்கத்தைப் பறிக்கத் தேவையில்லை. கொத்தமல்லித் தண்ணீரோ, இலேசான இஞ்சித் தேத்தண்ணீரோ, சீனி போடாமல், சமையலில் சேர்க்கும் அளவில் காய்ச்சிக் குடிக்கட்டும். அதைப் புற்றுநோய்க்கு மருந்து என்று எண்ணாமல், தேத்தண்ணீராகவே குடித்தால் போதும். அந்த நேரத்தையே லெட்ரசோல் எடுக்கும் நேரமாகவும் வைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் உங்களோடு சேர்ந்து அரைமணி நேரம் நடந்தால், நோவுக்கான மருந்திலும் பாதி அதில் அடங்கிவிடும்.

வைத்தியரைக் காணப் போகும்போது, நோவு எந்த மூட்டில், எந்த நேரத்தில், எந்த வேலைக்குத் தடையாக இருந்தது என்பதை அம்மாவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். வேறு குளிசைக்கு மாற முடியுமா, எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்தாயிற்றா, உயிர்ச்சத்து டி போதிய அளவு இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள். லெட்ரசோல் எலும்பை மெலிவிக்கும் என்பதால் பின்னைய இரண்டும் அவசியம்.

மாமியோடு முரண்பட வேண்டாம். அவர் நல்லெண்ணத்தால்தான் கொடுத்தார். ஆனால் அவர் சத்திரசிகிச்சையும் கீமோதெரபியும் பெற்றவர் என்பதை அம்மாவுக்கு நினைவூட்டுங்கள். ஒன்பது ஆண்டுச் சுகத்துக்கு அவையே காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. மாமியும் இன்னும் அந்தத் தேநீரைக் குடித்து வந்தால், அவருடைய வைத்தியருக்கு அது தெரியுமா என்று ஒருமுறை கேளுங்கள். வேறு யாருக்கெல்லாம் அவர் கொடுத்திருக்கிறார் என்பதையும் மெல்ல விசாரியுங்கள். அவர்களில் குளிசையை நிறுத்தியவர்கள் இருந்தால், இந்தக் கடிதத்தை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.